வெந்நீரையும் நம்பாத சம்பந்தி

எங்கள் வீட்டுக் காபியை முதல் நாளே மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார் என் சம்பந்தி. பெண் பார்க்க வந்த இடம். கூடம் நிறைய ஆட்கள். டம்ளரை மூக்குக்கு நேராகத் தூக்கி ஓர் இழுப்பு இழுத்தார். நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். அதன் பிறகுதான் குடித்தார். குடித்து முடித்து, "பால் நல்ல பால்தான்" என்றார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

எனக்கு அன்றைக்கே எரிந்தது. நான் மாவு மில் வைத்திருப்பவன். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பேசிப் பழகியவன். மனதில் வருவது அப்படியே வாயில் வந்துவிடும். "ஏங்க, விஷமா கலந்து வச்சிருக்கோம்?" என்று கேட்க வாயெடுத்தேன். என் வீட்டுக்காரி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்த ஒரு இழுப்பில்தான் கல்யாணம் நடந்தது.

அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூட்டையின் மேல்வாயில் காய்ந்த நெல்லும் அடியில் ஈர நெல்லும் வைத்துக் கொண்டுவருகிற ஆட்களையே ஆயுசு முழுக்கப் பார்த்தவர். மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, இரண்டு நெல்லைப் பல்லில் வைத்துக் கடிப்பாராம். மெஷின் காட்டும் ஈரப்பதத்தைவிடத் தன் பல்லைத்தான் நம்புவாராம். இதை அவரே பெருமையாகச் சொல்வார். சொல்லிவிட்டு, "மெஷினுக்கு என்ன, மனுசன் என்ன சொல்லிக் குடுக்கிறானோ அதைக் காட்டும்" என்பார்.

அந்த வேலையை அவர் வேலை முடிந்தும் விடவில்லை. உலகமே அவருக்கு மூட்டைதான். அடியில் ஈரம் இருக்கிறதா என்று கையை விட்டுக்கொண்டே இருந்தார்.

கல்யாண மண்டபத்தில், நாங்கள் சீராகக் கொடுத்த மெத்தையில் படுத்துப் பார்த்தார். பட்டு வேட்டி கசங்க, அத்தனை சனத்துக்கு நடுவில், மல்லாந்து ஒரு தடவை, ஒருக்களித்து ஒரு தடவை. என் மச்சினன் சும்மா இருப்பானா? "மாப்பிள்ளைக்கு அப்பாவா, மெத்தைக் கடைக்காரரா?" என்று சத்தமாகவே கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"படுத்தாத்தானேய்யா தெரியும்? எம்மகன் முதுகுல்ல அது!"

மறுவீட்டுக்கு வந்தபோது ஒரு வேன் பிடித்து எல்லோரையும் சித்தன்னவாசல் கூட்டிப் போனேன். குகைக்குள் எல்லோரும் அண்ணாந்து கூரையில் வரைந்திருந்த தாமரைக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் விரலை எச்சில் தொட்டுக்கொண்டு தூணை நெருங்கினார். காவலுக்கு நின்ற ஆள் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார்.

"பெரியவரே, என்ன பண்றீங்க?"

"இல்லப்பா, இவ்வளவு பழசுன்னு சொல்றீங்க. நெசமா பழசுதானா, நடுவுல யாரும் பெயிண்ட் அடிச்சிருக்காங்களான்னு பாத்தேன்."

எனக்கு மானமே போயிற்று. அந்த ஆள் எங்கள் எல்லோரையும் சேர்த்துத் திட்டி வெளியே அனுப்பினார். வேனில் வரும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவர் என்னிடம் மெதுவாக, "அவன் அவ்வளவு பதறுறான்னா என்னமோ இருக்கு சம்பந்தி" என்றார்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் என் ஒரே மகள் தேன்மொழி வாழப்போனாள். மாப்பிள்ளை கல்யாணமான கையோடு கத்தாருக்குப் போய்விட்டார். நல்ல பையன். மாமியாரும் தங்கம். இந்த ஆள்தான் எனக்கு நெஞ்சில் முள். மகளிடம் போனில் கேட்பேன், "என்னத்தா, ஒன் மாமனார் என்ன சொல்றாரு?" என்று. "ஒன்னும் சொல்லலைப்பா. நான் வச்ச கொழம்பை அவருதான் மொதல்ல சாப்பிடுவாரு. சாப்பிட்டுட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் மத்தவங்களைச் சாப்பிடச் சொல்லுவாரு" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்குச் சிரிப்பு வராது. என் மகள் வைத்த குழம்பைச் சோதிக்க இவன் யார் என்றுதான் வரும்.

என் வீட்டுக்காரி வேறு மாதிரிச் சொல்வாள். "அவரு தன்னை வச்சுத்தானே பாக்குறாரு. அடுத்தவுகளுக்கா குடுத்துப் பாக்குறாரு?" என்பாள். அவளுக்கு எல்லோரும் நல்லவர்கள்.

தேன்மொழி பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பையன் பிறந்தான். அது மார்கழிக் குளிர் நேரம். எங்கள் ஊர் திருமயத்துக்குப் பக்கம், சுற்றி வெட்டவெளி. காலையில் வாடைக்காற்று வந்தால் பல் அடிக்கும். பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது, சன்னி வந்துவிடும் என்று என் வீட்டுக்காரி குளியலறைச் சுவரில் மேலே இருந்த சின்ன ஜன்னலில் சாக்கைத் திணித்து, அதன்மேல் பழைய போர்வையையும் சொருகிவிட்டாள். கதவுக்கு அடியில் இருந்த இடைவெளிக்கும் ஒரு துணி. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் செய்வதுதான். அவளுக்கு அவள் அம்மா செய்தாள், இவள் இவள் மகளுக்குச் செய்தாள்.

ஆனால் அவள் அம்மா காலத்தில் குளியலறைக்குள் கேஸ் ஹீட்டர் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது. வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி, வெந்நீர் தூக்க முடியவில்லை என்று நான்தான் வாங்கி மாட்டினேன். சிலிண்டர் வெளியே கொல்லைப்பக்கம், குழாய் சுவர் வழியாக உள்ளே. குழாயைத் திறந்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் வெள்ளையாகப் படியும். வாங்கின நாளிலிருந்து ஹீட்டரை ஒருமுறைகூடக் கழுவவில்லை. கழுவ வேண்டும் என்றே தெரியாது. தண்ணீர் வரவர மெலிசாக வந்தது, சூடும் குறைந்தது. அதனால் தீயைக் கூட்டி வைத்து, வாளி நிறைய நிறைய வெகுநேரம் ஓடவிட்டார்கள். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீரை விளாசி ஊற்ற வேண்டுமே.

பேரனைக் கொல்லைப்பக்கம் வெயிலில் வைத்துக் குளிப்பாட்டினார்கள். அவனுக்கு ஒன்றும் இல்லை. மகளுக்குத்தான் வந்தது. குளித்துவிட்டு வந்தால் தலைவலி. ஒரு நாள் வாந்தி. ஒரு நாள் கதவைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டாள். "கண்ணு இருட்டுதும்மா" என்றாள். பால் கொடுக்கக்கூட உட்கார முடியவில்லை. ஊற்றிவிட்ட என் வீட்டுக்காரிக்கும் கிறுகிறுப்பு. அவள் அதைப் பிரஷர் என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொண்டாள். மகளுக்கு, "பச்ச ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றாள். டாக்டர் இரத்தம் குறைவு என்று டானிக் கொடுத்தார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மாமனார்தான் காரணம் என்று நினைத்தேன். தினமும் போன் போட்டு மகளிடம் கேள்வியாய்க் கேட்டுக்கொண்டிருந்தார். என்ன சாப்பிட்டே, யாரு சமைச்சா, எந்தத் தண்ணியைக் குடிச்சே. போனை வைத்ததும் அவள் தலையைப் பிடித்துக்கொள்வாள். இந்த ஆளின் நச்சரிப்பில்தான் என் மகள் கரைகிறாள் என்று எனக்குத் திடமாகப் பட்டது.

அவர் என்ன நினைத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அவர் மருமகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைத்தார்.

ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கையில் ஒரு கட்டைப்பை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"மருமகளையும் பேரனையும் கூட்டிக்கிட்டுப் போலாம்னு வந்தேன் சம்பந்தி."

"மாசம் முடியட்டுங்க. நாங்களே கொண்டாந்து விடுறோம்."

"மாசம் முடியிறதுக்குள்ள மருமக முடிஞ்சு போயிருவா போலருக்கே."

எனக்கு இரத்தம் தலைக்கேறிவிட்டது. "என்ன பேச்சுப் பேசுறீங்க? எம்மகளுக்கு நான் வைக்காத சோத்தையா நீங்க வச்சிறப் போறீங்க?" என்று கத்தினேன். பேரன் எழுந்து அழுதான். என் வீட்டுக்காரி இரண்டு பேருக்கும் நடுவில் வந்தாள். "அண்ணே, நீங்களே பாருங்க, என்ன வேணும்னாலும் பாருங்க. கொறை இருந்தாக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள். அவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவருக்கு அது போதும்.

முதலில் அடுப்படிக்குப் போனார். பத்தியக் குழம்பைக் கையில் ஊற்றி நக்கிப் பார்த்தார். அரிசி டின்னில் கையை அடிவரை விட்டார். பூண்டை உரித்து மோந்தார். டானிக் பாட்டிலில் ஒரு மூடி ஊற்றி அவரே குடித்தார். பேரனுக்கு வைத்திருந்த கிரைப் வாட்டரில் ஒரு சொட்டு. குடிக்கிற தண்ணீரில் ஒரு டம்ளர். குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, தனக்கு என்ன ஆகிறது என்று தன்னையே கவனித்துக்கொண்டிருந்தார். நான் மில்லைத் திறக்கக்கூடப் போகாமல் வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தேன்மொழி அறைக்குள்ளிருந்து, "அப்பா, பேசாம இருங்க, அவரு அப்படித்தான்" என்றாள்.

பிறகு குளியலறைக்குப் போனார். ஹீட்டர் குழாயைத் திறந்து தண்ணீரைக் கையில் பிடித்து, நாக்கில் வைத்து, துப்பினார்.

"இதை எப்பக் கழுவுனீங்க?"

"அதைக் கழுவுவாங்களா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஈர நெல்லோடு வந்தவனைப் பார்க்கிற பார்வை.

மெக்கானிக்கைக் கூப்பிடுகிறேன் என்றேன். "வேணாம், வந்தா உள்ள இருக்கிற செம்புக் குழாயையே மாத்தணும்பான். கண்ணுக்குத் தெரியாத எடத்துல எவன் என்ன பண்றான்னு யாருக்குத் தெரியும்?" என்றார். கட்டைப்பையைத் திறந்தார். ஸ்பேனர், ஏர் கூலருக்குள் வைக்கிற சின்ன மோட்டார், இரண்டு பிளாஸ்டிக் குழாய், வினிகர் பாட்டில்கள். எல்லாம் கொண்டு வந்திருந்தார்! மகளைக் கூட்டிப் போக வந்தவருக்கு இதெல்லாம் எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

அவரும் அதற்கு முன்னால் ஹீட்டர் கழுவியதில்லை. போனில் வீடியோ பார்த்திருந்தார். அதையும் நம்பவில்லை. வீடியோவில் ஒருவன் பேசப் பேச, "இவன் வினிகர் கம்பெனிக்காரனா இருப்பான்" என்று சொல்லிக்கொண்டே அவன் சொன்னபடி செய்தார். சிலிண்டரை என்னை மூடச் சொன்னார். மூடிவிட்டேன் என்றதும் அவரே போய்த் திருகிப் பார்த்தார். ஹீட்டருக்கு அடியில் தீப்பொறிக்காக வைத்திருந்த இரண்டு டார்ச் பேட்டரியையும் கழற்றி என் கையில் கொடுக்காமல் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தண்ணீர் வருகிற குழாயைக் கழற்றும்போது நட்டு அசையவில்லை. உப்பு பிடித்து ஒட்டிக்கிடந்தது. "விடுங்க, நான் பாக்குறேன்" என்று ஸ்பேனரைப் பிடுங்கித் திருப்பினேன். படாரென்று கழன்று, உள்ளே நின்ற தண்ணீர் முழுக்க என் மேல் கொட்டியது. அவர் சிரிக்கவில்லை. குனிந்து, கொட்டிய தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்த துகளைப் பொறுக்கிப் பல்லில் வைத்துக் கடித்தார்.

"சுண்ணாம்பு" என்றார்.

"நெல்லுன்னா நெனச்சீங்க?" என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை.

தண்ணீர் நுழைகிற வாயில் சின்னதாக ஒரு வலை வடிகட்டி இருந்தது. அதை எடுத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். வாளியில் வினிகரை ஊற்றி மோட்டாரைப் போட்டு, ஒரு குழாயை ஹீட்டரின் உள்வாயிலும், மற்றதை வெளிவாயிலிருந்து திரும்ப வாளிக்குமாக மாட்டினார். வினிகர் சுற்றிச் சுற்றி ஓடியது. வீடு முழுக்கப் புளித்த வாடை. ஹீட்டருக்குள் நுரைக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் இரண்டு முக்காலியில், வாளியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

கொஞ்சம் கொஞ்சமாக வாளித் தண்ணீர் நிறம் மாறியது. முதலில் கலங்கல். பிறகு மயில்துத்தம் கரைத்ததுபோல் நீலப்பச்சை.

அவர் எழுந்துவிட்டார். "இதைத்தான் எம்மருமக தலையில ஊத்துனீங்களா?"

"வினிகர் ஊத்தினது நீங்க! செம்புல புளியைத் தேச்சாப் பச்சையா வராதா? ஒங்க வீட்டுல குத்துவிளக்கே வெளக்க மாட்டாங்களா?"

"சத்தம் போடாதீங்க. சத்தம் போடுறவுககிட்டதான் எனக்குச் சந்தேகம் ஜாஸ்தி."

நான் முக்காலியை எட்டி உதைத்தேன். அது சுவரில் போய் மோதியது. நல்லவேளை, அவர் மேல் படவில்லை. பட்டிருந்தாலும் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

வாளியை வெளியே கொட்டி, நல்ல தண்ணீரை வெகுநேரம் ஓடவிட்டு, குழாய்களைத் திரும்ப மாட்டினார். சோப்புத் தண்ணீரை மூட்டுகளில் தடவி, நுரை கிளம்புகிறதா என்று பார்த்தார். பேட்டரியைப் போட்டார். சிலிண்டரைத் திறந்தார். குழாயைத் திறந்ததும் படக்கென்று பற்றிக்கொண்டது. தண்ணீர் புதிதில் வந்ததுபோல் பளீரென்று வந்தது, கையை வைக்க முடியாத சூடு. எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது, சொல்லவில்லை.

என் வீட்டுக்காரி, "இனி புள்ளைக்கு நல்லா ஊத்தலாம்" என்று சீயக்காய் எடுக்கப் போனாள்.

"மருமக இன்னைக்குக் குளிக்க வேணாம் தங்கச்சி. மொதல்ல நான் குளிக்கிறேன்" என்றார் அவர்.

"குளிங்கண்ணே. அந்தச் சாக்கை எடுத்துவிட்டுர்றேன், ஆம்பளைக்கு எதுக்கு?"

"எடுக்காதீங்க. அவ குளிக்கிறப்ப எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். கீழ வைக்கிற துணி எங்க?"

துணியையும் வாங்கிக்கொண்டார். உள்ளே போகுமுன் என்னைப் பார்த்து, "சம்பந்தி, அங்கிட்டு இங்கிட்டுப் போயிராதீங்க. இங்கனயே இருங்க" என்றார். என் வீட்டில் எனக்கே காவலா என்று எனக்கு மறுபடி ஏறியது. வேண்டுமென்றே முற்றத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மக்கில் எடுத்து ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு ஊற்றும் சத்தம் நின்று குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சோப்புப் போடுகிறார் என்று நினைத்தேன். பிறகு, குழாய்க்குள் விரலை விட்டுச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். அந்த ஆளைப் பற்றி எனக்கு வேறு எதுவும் தோன்றாது.

என் வீட்டுக்காரி வந்து நின்றாள். "என்னங்க, அண்ணன் சத்தத்தையே காணமே."

"சம்பந்தி!" என்று கத்தினேன். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்துகிற குரல். பதில் இல்லை. இன்னொரு தடவை கத்தினேன். குழாய்தான் ஓடியது.

கதவை உதைத்தேன். தாழ்ப்பாள் இரண்டாவது உதைக்குப் பெயர்ந்தது. ஆவி முகத்தில் அடித்தது. சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தார், துண்டு கட்டியபடி. முகம் செக்கச் செவேலென்று இருந்தது. கண் பாதி திறந்து, எதையும் பார்க்காமல். அக்குளுக்குள் கையைக் கொடுத்து இழுத்தேன். ஈர உடம்பு வழுக்கியது. எனக்கே தலை சுற்றியது. "சிலிண்டரை மூடு, சிலிண்டரை மூடு" என்று கத்திக்கொண்டே முற்றத்துக்கு இழுத்துப் போட்டேன். தேன்மொழி ஓடிவந்து, "மாமா, மாமா" என்று அவர் கன்னத்தில் அறைந்தாள். வெளிக்காற்று பட்டு, ஒரு நீண்ட மூச்சு இழுத்தார். பிறகு வாந்தி எடுத்தார்.

பக்கத்து வீட்டுக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆக்ஸிஜன் வைத்தார்கள். அங்கே இருந்த டாக்டர் பொண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "பாத்ரூம்ல கேஸ் ஹீட்டரா?" என்றாள். ஆமாம் என்றேன். "காத்துப் போக வழி இருக்கா?" என்றாள்.

எனக்கு அந்தச் சாக்கு தெரிந்தது. அந்தச் சாக்குக்குக் கீழே தினமும் உட்கார்ந்து குளித்த என் மகள் தெரிந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள். அன்றைக்கு எழுந்திருக்காமல் போயிருந்தால்? டாக்டர் பொண்ணு அதையும் வாய்விட்டுச் சொன்னாள். மூடிய அறையில் தீ எரிந்தால் வரும் வாயுவுக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது, ஆளைத் தூங்குகிற மாதிரி சாய்த்துவிடும் என்றாள். வீட்டில் அந்த அறையில் குளித்த எல்லோரையும் உடனே கூட்டிவரச் சொன்னாள். போனை எடுத்து வீட்டுக்காரியிடம் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது.

மகளையும் வீட்டுக்காரியையும் வரவழைத்து, பார்த்து, பயப்பட ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு அவர் கட்டிலுக்குப் போனேன். மூக்கில் மாட்டியிருந்ததை நகர்த்திவிட்டு, "மருமக இன்னைக்குக் குளிச்சாளா?" என்றார்.

"இல்ல."

"நெசமா?"

தேன்மொழியே முன்னால் வந்து நின்றாள். அவள் தலையைத் தொட்டு, முடி ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் தலையணையில் சாய்ந்தார்.

அவள் வெளியே வந்து என்னிடம் சொன்னாள். முந்தின நாள் போனில், குளிக்கப் போனால்தான் தலை வலிக்கிறது, ஹீட்டரில் தண்ணீரும் மெலிசாக வருகிறது என்று அவரிடம் சொன்னாளாம். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்குமா என்று கேட்டாராம். ஆமாம், கதவுக்கு அடியில்கூடத் துணி வைப்போம் என்றாளாம். அதற்கு மேல் பேசாமல் போனை வைத்துவிட்டாராம்.

நான் திரும்பக் கட்டிலுக்குப் போனேன்.

"தெரிஞ்சுதான் உள்ள போனீங்களா?"

"தெரிஞ்சுன்னு யாரு சொன்னா? சந்தேகந்தான். சாப்பாட்டுல ஒரு சந்தேகம், தண்ணியில ஒரு சந்தேகம், அந்த ரூம்புல ஒரு சந்தேகம். ஒன்னொன்னாத் தள்ளிக்கிட்டு வந்தேன்."

"வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? நீங்க செத்துருந்தா என்னைக் கொலைகாரன்னுல்ல சொல்லியிருப்பாங்க!"

"ஒங்க வீட்டு ஜன்னலத் தொறங்கன்னு நான் சொன்னா, தொறந்திருப்பீங்களா?"

நான் அவரை அடிக்காமல் இருந்ததே பெரிது. பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப்பட வைக்கப் பார்க்கிறான் என்று நான்தான் முதலில் கத்தியிருப்பேன். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதற்காக உயிரைக் கொண்டுபோய் வைக்கிறதா? அந்த ஆத்திரம் இன்றைக்கும் தீரவில்லை.

அவர் தேறியதும், "சரி, மகளைக் கூட்டிக்கிட்டுக் கெளம்புங்க" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். என் வீட்டில் வைத்து அவளைக் காப்பாற்ற எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவர் யோசித்தார். "வேணாம். இங்கயே இருக்கட்டும். எங்க வீட்டம்மா இதைவிடப் பெரிய சாக்கா வச்சு அடைப்பா. அவளை நான் நம்ப மாட்டேன்" என்றார்.

பிளம்பரை வரவழைத்து, ஹீட்டரைக் குளியலறையிலிருந்து கழற்றி வெளிச்சுவரில், திறந்தவெளியில், மேலே தகரம் வைத்து மாட்டினோம். வெந்நீர்க் குழாய் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே போனது. பிளம்பர் துளை போடும்போது அவன் தோளுக்குப் பின்னாலேயே நின்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார் சம்பந்தி. பிளம்பர் என்னிடம் வந்து, "அண்ணே, அந்தப் பெரியவரைக் கொஞ்சம் அங்கிட்டுக் கூட்டிட்டுப் போங்க, கை நடுங்குது" என்றான்.

மறுநாள் காலை தேன்மொழி குளிக்கப் போனாள். மேல் ஜன்னல் திறந்திருந்தது. கதவுக்கு வெளியே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் போட்டு, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நானும் அவரும் உட்கார்ந்தோம். அவர் சரியாகக் கேட்க மாட்டார் என்று நான் உட்கார்ந்தேன். நான் கேட்க மாட்டேன் என்று அவர் உட்கார்ந்தார்.

"ஆத்தா, இருக்கியா?" என்றார் அவர்.

"இருக்கேன் மாமா."

கொஞ்ச நேரம் போனது. "தேனு!" என்றேன் நான்.

"என்னப்பா!"

"ஒன்னுமில்ல."

"மக்குச் சத்தம் கேக்கல" என்றார் அவர் என்னிடம்.

"தேனு! மக்குச் சத்தம் கேக்கலையே!"

"தலைக்குச் சீயக்கா தேய்க்கிறேன்! மனுசியைக் குளிக்க விடுங்க ரெண்டு பேரும்!"

அடுப்படியில் என் வீட்டுக்காரி சிரிப்பது கேட்டது. பிறகு தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றுகிற சத்தம், நிற்காமல்.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். முகத்தில் சாம்பிராணிப் புகை படுவதற்கு முன்னாலேயே ஒரு தெளிவு இருந்தது. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்குத் தலை வலிக்கல, கண்ணு இருட்டல. போதுமா? எந்திரிச்சுப் போய்ச் சாப்பிடுங்க."

நான் எழுந்துவிட்டேன். அவர் எழவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் சுவரோரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"ஒரு நாளை வச்சு எப்படிச் சொல்றது சம்பந்தி?" என்றார். "நாளைக்கும் பாப்போம்."